துண்டுத்தாளில் அண்ணன் தலை

சூலியா தெரு, பினாங்கு
4.3.2024

அண்ணிக்கு,

அய்யாக்கண்ணு எழுதுகிறேன். உறையின் பின்னால் என் பேரைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள் என்றால், மிச்சத்தையும் படித்துவிடுங்கள். நாம் பேசிப் பத்து வருஷம் ஆகிறது. போன் போட்டால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள். எடுத்தாலும் மூன்றாவது வார்த்தையில் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுவோம். எனக்கு ஐம்பத்து நாலு வயது, கத்துவதற்கு மூச்சு இல்லை.

சுற்றி வளைக்கவில்லை. உங்கள் மகள் ரூபினி என் கடைக்கு வருகிறாள். போன தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு முதல்முறை வந்தாள். பாயான் லெப்பாஸில் சிப் ஃபேக்டரியில் இன்ஜினியராகச் சேர்ந்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கல்லாவுக்கு எதிரே வந்து நின்று, "சித்தப்பா, என்னைத் தெரியுதா?" என்றாள். அண்ணனுடைய மூக்கை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டால் தெரியாமல் என்ன செய்யும்? பிறகு தொப்பியைக் கழற்றிக் குனிந்து காட்டினாள். உச்சியில் ஐம்பது காசு அளவுக்கு வெறும் தோல்.

கைப்பையிலிருந்து நம் முடித் தைலத்தோடு கொடுக்கிற துண்டுத்தாளை எடுத்தாள். மடித்து மடித்துத் துணி மாதிரி ஆகியிருந்தது. "அப்பாவுக்கு வந்துச்சு இல்ல சித்தப்பா? எனக்கும் அதே செய்யுங்க" என்றாள். பக்கத்துக் கடையில் காசு மாற்றிக் கொடுக்கும் கமால் பாய் நின்றுகொண்டிருந்தார். "முதலாளி தலையப் பாத்துமா உனக்கு நம்பிக்கை வருது தங்கச்சி?" என்றார். என் தலை முப்பத்தைந்திலேயே காலி என்று உங்களுக்குத் தெரியும். அவள் சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை. மாடியில் சல்மா தலையைப் பிடித்துவிடுகிறாள். எங்களிடம் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிற பொம்பளை, நல்ல கை. விரல் முடிமேல் வழுக்கக் கூடாது. நுனியைப் பதித்தால் தோல் எலும்பின்மேல் நகர வேண்டும். பிடரியில் ஆரம்பித்துக் காதோரம் ஏறி உச்சிக்கு வருவாள். மற்ற நாளில் ரூபினி தானே செய்துகொள்கிறாள். பயிற்சியும் உண்டு. புருவத்தை ஏற்றிப் பத்து எண்ணும்வரை பிடிப்பது, நெற்றியைச் சுருக்குவது, காதைப் பின்னால் இழுப்பது, கட்டில் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டு நாலு நிமிஷம் படுப்பது. ஃபேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்து புருவத்தை ஏற்றி இறக்கினாளாம். எதிர் சீட்டுக்காரன் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று எழுந்து வந்துவிட்டானாம்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மீறி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றரை மாதம் முடிந்தது. முடி வரவில்லை. இடம் கொஞ்சம் பெரிதாகியிருப்பது போலவும் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பக்கத்தில் யாருக்காவது இந்த மாதிரி வட்டமாக விழுந்ததுண்டா? தெரிந்தால் அதற்கேற்ப ஏதாவது செய்யலாம்.

தைப்பிங்கில் மழை எப்படி? உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இப்படிக்கு,
அய்யாக்கண்ணு


தைப்பிங்
12.3.2024

தம்பி அய்யாக்கண்ணுவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. நோன்பு தொடங்கிவிட்டது, பெருநாளுக்குத் தைக்க வேண்டிய பாஜு கூரோங் உடுப்புகள் மெஷின் உயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. அதனால் சுருக்கமாகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் யாருக்கும் அப்படி இல்லை. என் அம்மாவுக்கு எழுபது வயதிலும் கொண்டை ஒரு கைக்குள் அடங்காது. முழங்கால் அப்படியேதான்.

நீங்கள் கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன். அந்தத் தாளை நம்பித்தான் அவள் உங்களிடம் வந்திருக்கிறாள். தாளில் இடது பக்கம் 'முன்' என்று போட்டு மொட்டைத் தலையோடு இருக்கிறாரே உங்கள் அண்ணன், அது 2007இல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்தது. புற்றுநோய் மருந்தில் கொட்டிப்போன தலை. அதற்குப் பிறகு மூன்று மாதம் இருந்தார். வலது பக்கம் 'ஆறு மாதத்துக்குப் பின்' என்று போட்டிருக்கிறீர்களே, சுருட்டை முடியோடு, அது எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். பத்து வருஷம் முந்திய படத்தைப் பின்னால் போட்டு வியாபாரம் செய்கிறீர்கள். உங்களுக்கும் எனக்கும் இது தெரியும். அவளுக்குத் தெரியாது.

கடிதம் வந்த அன்றே அவளுக்குப் போன் போட்டேன். டாக்டரிடம் போ, அந்தப் படம் பொய் என்றேன். என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, நீங்க சித்தப்பா மேல உள்ள கோவத்துல பேசறீங்க. சின்னப் பிள்ளையில அந்தத் தாளைக் காட்டி, பாரு அப்பாவுக்கு முடி வந்துச்சுன்னு சொன்னதே நீங்கதான்."

சொன்னேன்தான். அப்போது அவளுக்கு ஏழு வயது. கண்ணை மூடினால் அப்பாவின் மொட்டைத் தலைதான் தெரிகிறது என்று அழுத பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது? இப்போது நான் எது சொன்னாலும் அவள் காதில் ஏறாது. உங்கள் வாயால் சொன்னால்தான் நம்புவாள். சொல்லிவிடுங்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம், வேறு எதற்கும் இல்லை.

சுபாஷினி


சூலியா தெரு, பினாங்கு
21.3.2024

அண்ணிக்கு,

திட்டுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதினேன். திட்டியதில் தப்பில்லை. ஆனாலும் சில விஷயம் சொல்ல வேண்டும்.

அந்தத் தாள் அடித்தபோது எனக்கு இந்தக் கடை கிடையாது. ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஷிஃப்ட் முடிந்து வருகிற பெண்களிடம் 'இரட்டைக் குருவி' தைலம் விற்றேன். நல்ல தைலம்தான். ஒருத்தியும் நின்று பார்க்கவில்லை. படம் போட்ட அடுத்த வாரம் வரிசை நின்றது. இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். பொய்யைப் போட்டேன், கடை வந்தது. அன்றைக்கு எனக்கு அது பொய்யாகவே தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. முடி இருந்தவன், முடி இல்லாதவன், இரண்டும் அண்ணன்தானே என்று இருந்துவிட்டேன்.

இன்னொன்று. பத்து வருஷத்துக்கு முன்னால் உறவுக்காரர்கள் நிறைந்த கல்யாண மண்டபத்தில், 'செத்துப்போன அண்ணன் படத்தை அலமாரியிலிருந்து திருடிக்கொண்டு போனவன்' என்று சொன்னீர்கள். நான் வாய் திறக்கவில்லை. படங்கள் இரண்டையும் உறையில் போட்டு உங்கள் கையால் கொடுத்தீர்கள். தைலத்துக்கு விளம்பரம் என்று நான் சொல்லித்தான் கேட்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு நினைவிருக்கட்டும் என்று மட்டும் எழுதுகிறேன்.

பிடித்துவிடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ரத்தம் ஓடுகிறது, தூக்கம் வருகிறது. சல்மா நோன்போடு பிடித்துவிடுகிறாள், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. பிள்ளை அந்த நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறாள். வாரம் முழுக்க மூடிய கூடத்தில், தலையோடு உறை போட்டுக்கொண்டு நிற்கிற வேலை. அசதி.

டாக்டரிடம் போகச் சொல்கிறேன். படத்தைப் பற்றிப் பேசாமலே போக வைக்கிறேன். எத்தனை விதமான ஆட்களை எத்தனை விதமாகப் பேசி வாங்க வைத்திருக்கிறேன், ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாதா?

அய்யாக்கண்ணு


தைப்பிங்
16.4.2024

தம்பிக்கு,

பெருநாளும் விடுமுறையும் முடிந்து இன்றைக்குத்தான் முதுகை நிமிர்த்தினேன்.

ரூபினி பெருநாள் விடுமுறைக்கு வந்து மூன்று நாள் இருந்தாள். வீட்டுக்குள்ளும் தொப்பி. இரவில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தாள். நான் பெற்ற பிள்ளையின் தலையை எனக்குக் காட்டவில்லை. உங்கள் மாடியில் சல்மாவுக்குக் காட்டுகிறாள். எரிகிறதா என்று கேட்டேன், கொஞ்சம் என்றாள். அரிக்கிறதா என்றேன், எழுந்து போய்விட்டாள். காலையில் கறை பட்ட தலையணை உறையை நான்தான் துவைத்தேன். மூன்று காலையும் துவைத்தேன்.

"டாக்டர்கிட்ட போகச் சொல்லி சித்தப்பாகூடச் சொன்னாரா?" என்று கேட்டேன். சொன்னார் என்றாள். "எப்படிச் சொன்னாரு?" என்றேன். உங்கள் குரலிலேயே பேசிக் காட்டினாள்: "போறதுன்னா போயிட்டு வாம்மா, ஒரு மனத் திருப்திக்கு. நம்ம ஆறு மாசக் கணக்கு அது பாட்டுக்கு ஓடட்டும்."

இதுதான் நீங்கள் பேசி வாங்க வைக்கிற லட்சணமா? கடைக்காரர் அரை மனதாகச் சொன்னால் எவள் போவாள்? ஆறு மாதம் முடிகிற வரைக்கும் எங்கும் போக மாட்டாளாம். அப்பா காத்திருந்தாராம், அவளும் காத்திருப்பாளாம்.

உறை விஷயம் எழுதியிருந்தீர்கள். அதற்கு இப்போது பதில் எழுதவில்லை. கல்யாண மண்டபத்தில் நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று மட்டும் சொல்கிறேன். அதற்கு இரண்டு நாள் முன்பு இங்கே இரவுச் சந்தையில், பாசார் மாலாமில் உங்கள் ஆள் ஒருவன் கடை போட்டிருந்தான். ஆள் உயரத்துக்கு பேனர். கட்டிலில் கிடந்த அந்த முகம் ஆள் உயரத்துக்கு. இரண்டு பையன்கள் அதன் பக்கத்தில் நின்று அதே மாதிரி முகத்தைக் கோணி செல்ஃபி எடுத்தார்கள். நான் கையில் மீன் பையோடு நின்றேன். தாளில் உள்ளங்கை அளவுக்கு இருந்தபோது எனக்குத் தோன்றாதது அன்றைக்குத் தோன்றியது.

சொல்லுங்கள் தம்பி. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

சுபாஷினி


சூலியா தெரு, பினாங்கு
29.4.2024

அண்ணிக்கு,

பேனர் விஷயம் எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்து என்ன ஆகப் போகிறது? அந்த ஆளுக்கு நான்தான் படம் கொடுத்தேன்.

நேற்று ஞாயிறு. ரூபினி போன பிறகு சல்மா கீழே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள், வீட்டுக்குக் கிளம்பவில்லை. என்ன என்றேன்.

"அண்ணே, நான் அந்தப் பிள்ளையத் தொட மாட்டேன் இனிமே."

"ஏன், ஏதாவது சொல்லிச்சா?"

"ஒண்ணும் சொல்லல. சொட்டைத் தலையிலயும் விரலுக்குப் பொடிப் பொடியாத் தட்டும்ணே. உங்க தலையிலகூடத் தட்டும். இந்தப் பிள்ளைக்கு அந்த இடம் கண்ணாடி மாதிரி இருக்கு. முடி வர்ற துவாரமே இல்ல. ஓரம் சிவந்திருக்கு, தொட்டா நெளியுது. இது நம்ம வேலை இல்லலா."

பன்னிரண்டு வருஷத்தில் சல்மா ஒரு தலையையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. 

இன்று காலை கடையைத் திறக்காமல் தோல் டாக்டர் ஒருவரிடம் நானே போனேன். என் மொட்டையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு லேட்" என்றார். எனக்கில்லை, பிள்ளைக்கு என்று எல்லாவற்றையும் சொன்னேன். முடி உதிர்வதில் பல வகை இருக்கிறதாம். சும்மா கொட்டுவது ஒன்று. வேரையே அழற்சி தின்று தழும்பாக்கிவிடுவது இன்னொன்று. இரண்டாவதாக இருந்தால், மூடிய இடத்தில் பிறகு எந்த மருந்துக்கும் வராது. மீதி இடம் மூடாமல் நிறுத்தத்தான் முடியும். எவ்வளவு சீக்கிரம் வருகிறாளோ அவ்வளவு மிஞ்சும். பார்க்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் அழுத்தித் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள் என்றார். எத்தனை மாதமாகத் தேய்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அதைத் தாளில் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

அங்கிருந்தே ரூபினியைக் கூப்பிட்டேன். தேய்க்காதே, உடனே போ என்றேன். "மூணு வாரம்தான் சித்தப்பா இருக்கு. அப்பாவுக்குக் கூட அஞ்சு மாசம் வரைக்கும் ஒண்ணும் தெரியலன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள்.

ஆமாம் அண்ணி, அதையும் சொல்லியிருக்கிறேன். ஜனவரியில் அவள் முகம் வாடியபோது வாயில் வந்தது. பதினாறு வருஷமாக எல்லாரிடமும் சொல்வதுதான்.

அப்போதே படத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.  ஒரு பொருளை விற்க நான் கூச்சப்பட்டதில்லை. விற்றதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு வரவில்லை. களைத்துப் போயிருக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

அய்யாக்கண்ணு


தைப்பிங்
6.5.2024

தம்பிக்கு,

நான் சிரிக்கவில்லை.

நீங்கள் சொல்லாமல் விடுகிற ஒவ்வொரு ஞாயிறும் அவள் தலையிலிருந்துதான் போகிறது. உங்கள் கடைக்கு என்ன ஆகும், ஆட்கள் என்ன சொல்வார்கள், என் பேர் என்ன ஆகும் எல்லாம் அப்புறம். படத்தைக் கொடுத்தவள் நான்தான் என்று சொல்ல வேண்டுமென்றால் அதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்குப் பரவாயில்லை.

பஸ் ஏறி வந்து நானே உங்களை அவள் முன்னால் இழுத்து நிறுத்தலாமா என்று பார்த்தேன். நான் பக்கத்தில் இருந்தால், அம்மா மிரட்டித்தான் சித்தப்பா சொல்கிறார் என்பாள். அதனால் நீங்கள் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

சுபாஷினி


சூலியா தெரு, பினாங்கு
20.5.2024

அண்ணிக்கு,

நேற்றுச் சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி ஞாயிறு அவளுக்கு வேலை என்று வரவில்லை. போனில் சொல்லிப் பார்க்கலாம் என்று இரண்டு முறை எடுத்து வைத்தேன். முகம் பார்க்காமல் சொன்னால் சாக்கு என்று நினைப்பாள். அதனால் நேற்றுவரை ஆயிற்று. அந்த ஒரு வாரத்தையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்றோடு சரியாக ஆறு மாதம். அவள் கேக் வாங்கிக்கொண்டு வந்தாள் அண்ணி. "ரிசல்ட் பார்க்கலாம் வாங்க" என்று சல்மாவுக்கும் கமால் பாய்க்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். தானும் தேய்ப்பதை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள், ஆனால் பயிற்சியை விடவில்லையாம். மாடிக்குப் போனோம். சல்மா பின்னால் வரவில்லை. ரூபினி நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினாள். ஐம்பது காசு என்று எழுதியிருந்தேனே, இப்போது என் உள்ளங்கை.

போனில் ஒவ்வொரு ஞாயிறும் எடுத்து வைத்திருந்த படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினாள். "சித்தப்பா, இதுல ஓரத்துல கொஞ்சம் கறுப்பாத் தெரியுது இல்ல?" என்றாள். ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். பிறகு துண்டுத்தாளை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"ரூபினி, இந்த முடியோட இருக்கிற படம்தான் முதல்ல எடுத்தது. உங்க அம்மாவக் கட்டறதுக்கு முந்தின வருஷம். இந்தப் படம் பத்து வருஷம் கழிச்சு, ஆஸ்பத்திரியில. நான் இடம் மாத்திப் போட்டுட்டேன்."

"தப்பா அச்சாயிடுச்சா?"

"இல்லம்மா. தெரிஞ்சுதான் போட்டேன்."

விரலால் ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனாள். "அப்போ அப்பாவுக்கு முடி வரவே இல்லையா?"

"இல்ல."

"வந்துச்சு சித்தப்பா. வீட்டுக்கு வந்தாங்க. நான் மடியில உக்காந்து சீவி விட்டேன். சுருட்டையில சீப்பு மாட்டிக்கிச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு."

"அண்ணன் வீட்டுக்கே வரலம்மா. ஆஸ்பத்திரியிலேருந்து நேரா..." என்றேன். 

"அப்போ நான் யார் தலையச் சீவினேன்?"

தாளை அவள் மடியிலிருந்து எடுத்து மடித்தேன். 

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். ஃபேக்டரியில் ஒரு பொருள் ஏன் கெட்டது என்று பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அஞ்சு மாசம் ஒண்ணும் தெரியலன்னு சொன்னது? பொய். அப்பா இந்தத் தைலம் போட்டாங்களா? ஒரு நாளும் இல்லை, அண்ணன் இருக்கும்போது தைலமே இல்லை. என்னை மாதிரி எத்தனை பேர் சித்தப்பா? தெரியாது என்றேன். படம் உங்ககிட்ட எப்படி வந்துச்சு? அலமாரியிலிருந்து எடுத்தேன், அம்மாவுக்குத் தெரியாது என்றேன்.

அது மட்டும் நான் சொன்ன பொய். நீங்கள் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஒரே நாளில் அவளிடமிருந்து எத்தனை பேரைப் பிடுங்குவது? நான் போனால் போகிறேன், சித்தப்பாதானே. அம்மா அவளுக்கு வேண்டும்.

டாக்டர் சொன்னதையும் சொன்னேன், பேரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். படியில் இறங்கும்போது மட்டும் திரும்பி, "ஏன் சித்தப்பா இன்னிக்குச் சொன்னீங்க? போன நவம்பர்ல நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா என்ன?" என்றாள். 

இன்று காலை சல்மாவுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். ஜூன் ஐந்தாம் தேதிக்கு நேரம் கிடைத்திருக்கிறதாம். எனக்கு ஒன்றும் இல்லை.

துண்டுத்தாளை எல்லாப் பெட்டியிலிருந்தும் எடுத்தாயிற்று. சல்மாவும் நானும் உட்கார்ந்து எடுத்தோம். பாசார் மாலாமில் கடை போடுகிறவர்களிடம் பேனரைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். தைலம் விற்பேன் அண்ணி, அது என் பிழைப்பு. மண்டைக்கு இதம், தூக்கம் வரும் என்று சொல்லி விற்பேன். நேற்று வந்த ஒருவர், முடி வருமா என்று கேட்டார். வராது, கொட்டினால் டாக்டரைப் பாருங்கள் என்றேன். வாங்காமல் போய்விட்டார். கமால் பாய், "ரமலான் முடிஞ்சப்புறம்தான் உங்களுக்கு நோன்பு வந்திருக்கு முதலாளி" என்றார்.

அவள் உங்களிடம் வருவாள். வந்தால் நான் சொன்ன கதைதான் உங்கள் கதையும்.

அய்யாக்கண்ணு


தைப்பிங்
20.6.2024

தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் சனிக்கிழமை ரூபினி வந்தாள். தொப்பி இல்லாமல் வந்தாள். வாசலிலேயே, "அம்மா, சித்தப்பா படத்தைத் திருடினது உங்களுக்கு முன்னாடியே தெரியும்னா அன்னிக்கே ஏன் போலீஸ்ல சொல்லல?" என்று கேட்டாள். என் பக்கம் நின்று கேட்ட கேள்வி. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், என் பிள்ளை என் பிள்ளையாகவே இருந்திருப்பாள். நீங்கள் அதற்குத்தான் வழி செய்து கொடுத்திருந்தீர்கள்.

என்னால் முடியவில்லை. நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். உறையில் போட்டு, சித்தப்பா கையில், எதற்கு என்று தெரிந்தே கொடுத்தேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். உங்களுக்கும் இதுவரை சொன்னதில்லை, எழுதுகிறேன். நீங்கள் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை தம்பி. ஏதோ ஒரு தாளிலாவது அவருக்கு முடி திரும்ப வந்ததாக இருக்கட்டும் என்று இருந்தது. அச்சாகி வந்ததும் நீங்கள் கொண்டுவந்து கொடுத்தீர்களே, அன்றைக்கு ராத்திரி இடமிருந்து வலம், இடமிருந்து வலம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைக்குக் காட்டியதும் அந்தப் பைத்தியத்தில்தான். பிறகு பேனரைப் பார்த்ததும், என் தப்பை உங்கள் தலையில் போட்டுக் கத்தினேன். நீங்கள் வாய் திறக்கவில்லை என்பதும் அப்போதே எனக்குத் தெரியும்.

முழுதும் கேட்டாள். சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். மூன்று வாரம் ஒரு வார்த்தை இல்லை. நான் அனுப்பியதைப் பார்த்துவிட்டாள் என்று போனில் தெரியும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவளே எழுதினாள். தலையில் சின்னத் துணுக்குத் தோல் எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். உச்சியில் போனது போனதுதானாம், மாத்திரை ஆரம்பித்தாயிற்றாம், மற்ற இடம் நிற்கும் என்று டாக்டர் சொன்னாராம். அதற்குக் கீழே, "ஃபார்ம்ல அவசரத்துக்குக் கூப்பிட ஒருத்தர் பேர் கேக்கறாங்க. யாரைப் போடட்டும்?" என்று இருந்தது.

என் பேரைப் போடு என்று கைவிரல் வரை வந்துவிட்டது. உன் இஷ்டம்மா என்று அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து வந்தது: "சித்தப்பா கடை நம்பர் போட்டுட்டேன். ஆஸ்பத்திரிக்கு அதுதான் பக்கம்."

பக்கம் என்பதற்காகத்தான் போட்டிருக்கிறாள். நீங்கள் அதில் வேறு எதையும் தேடாதீர்கள், நானும் தேடவில்லை. உங்களிடம் அவளே சொல்வாள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்த வியாழன், இருபத்து ஏழாம் தேதி, காலை பத்து மணிக்கு. பேச ஆள் கிடைத்துவிட்டால் போன் அடிப்பதே உங்கள் காதில் விழாது என்று உங்கள் அண்ணன் அடிக்கடி சொல்வார். அன்றைக்கு யார் கடைக்கு வந்தாலும் நிற்கட்டும். போன் வந்தால் எடுங்கள்.

அண்ணி
சுபாஷினி